லேபிள் படமும் டெம்ப்ளேட் லோகோவும்

சிவகாசியின் அச்சுத்தொழில் தீப்பெட்டியால் வளர்ந்தது. 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிகள் பெருகப் பெருக, லேபிள் அடிக்க அச்சகங்கள் முளைத்தன. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் பெட்டிக்கடையில் கேட்டு வாங்க வேண்டும். அதுதான் அந்த லேபிளின் வேலை. "கப்பல் ஒண்ணு குடுங்க" என்றால் கப்பல் படம் போட்ட விம்கோ நிறுவனத் தீப்பெட்டி கைக்கு வரும். சீட்டா ஃபைட் பெட்டியில் சிறுத்தையோடு மல்லுக்கு நிற்கும் மனிதனை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஒரே படம், இரண்டு மூன்று அடர்ந்த நிறங்கள், தடித்த சட்டம். சின்னம் என்பதன் அடிப்படை முழுவதும் அந்தச் சிறு தாளில் இருந்தது. நன்றாக விற்கிற லேபிள் படத்தைப் பார்த்து, அதே நிறத்தில், அதே சட்டத்துக்குள் வேறொரு விலங்கை வைத்து விற்கும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. அந்த நோய் இன்னும் தீரவில்லை.

இன்று வீட்டில் சாம்பார்ப் பொடி அரைத்து விற்பவர் அச்சகத்துக்குப் போகும் முன்பே கைபேசியில் லோகோவை முடித்துவிடுகிறார். 2013-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கேன்வாவும் அதுபோன்ற செயலிகளும் தந்த வசதி இது. இதை இளக்காரமாகப் பேசுகிற வடிவமைப்பாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விலைப்பட்டியல், தீபாவளி ஆர்டர் அறிவிப்பு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகியவற்றுக்காக ஒவ்வொரு முறையும் டிடிபி கடையில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது உண்மையான விடுதலை. கேட்டமரன், முக்த மலர், பலூ தம்பி போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்பு கடைக்காரருக்கு இந்தத் தேர்வே கிடையாது.

ஆனால் அந்த டெம்ப்ளேட்டையே கடையின் சின்னமாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வட்டத்துக்குள் இரண்டு இலை, நடுவில் கொடிபோல் வளையும் ஆங்கில எழுத்து: இதே உரு சோப்புக்கும் வருகிறது, செக்கு எண்ணெய்க்கும் வருகிறது. கேன்வாவின் உரிம விதிகளே, தன் சேமிப்பிலுள்ள படங்களை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய அனுமதிப்பதில்லை. சிறுதொழில் செய்பவர் இணையவழியில் 4,500 ரூபாய் கட்டி, 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். பதிவாகிவிட்டால் 10 ஆண்டுப் பாதுகாப்பு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் பொதுவான படத்தை நம்பியவர் இந்தப் பாதுகாப்பைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறார்.

பெயரிலும் இதே கதைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இலும் கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இலும் புவிசார் குறியீடு பெற்றன. ஊர்ப்பெயர் அங்கே செய்பவர்கள் அனைவருக்கும் பொது. அப்படியானால் ஒரு கடையைப் பக்கத்துக் கடையிலிருந்து பிரித்துக் காட்டக் கடையின் சொந்தப் பெயரும் சின்னமும்தான் மிச்சம். ஆனால் பால்கோவா டப்பாக்கள் பலவற்றில் கோபுரமோ ஆண்டாளோ பெரிதாக இருக்க, கடைப்பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. பக்தி புரிகிறது. ஆனால் ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கு மட்டும் என்று கொள்ள முடியாது என 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்னை அதிகம் வருத்துவது தமிழ் எழுத்துக்கு நேரும் கதி. லோகோவை ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, கடைசியில் கீழே ஒரு வரி தமிழைச் செருகுகிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கென வைத்த வரி இடைவெளியில் நம் 'கி', 'கீ'யின் மேல்வளைவும் 'கு', 'மூ'வின் கீழ்ச்சுழியும் முட்டிக்கொள்கின்றன. மெல்லிய எழுத்துருவைப் பாலித்தீன் பையில் ஒற்றை நிறத்தில் அடித்தால் 'ண', 'ணை'யின் சுழிகளில் மை நிரம்பி, எழுத்தே அடையாளம் தெரியாமல் போகிறது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியிருக்க, வரைவதையும் தமிழிலேயே தொடங்குவதுதானே முறை? திரையில் ஒளியாக மின்னும் பச்சை, அச்சு மையில் மங்கிவிடும் என்பதையும் டெம்ப்ளேட் சொல்லித்தராது. உணவுப் பொட்டலமென்றால் எடை, விலை, தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண், சைவ அசைவக் குறி எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். சின்னத்தைப் பெரிதாக வரைந்து முடித்த பிறகு இவற்றுக்கு இடம் தேடுகிறவர்கள், படிக்கவே முடியாத அளவுக்கு எழுத்தைச் சுருக்குகிறார்கள்.

நாளைக்கே கிழிந்து போகும் அறிவிப்புகளுக்கு டெம்ப்ளேட் போதும், தாராளமாகப் பயன்படுத்தலாம். பத்தாண்டு நிற்க வேண்டிய பெயரெழுத்தையும் சின்னத்தையும் மட்டும் வரையத் தெரிந்தவரிடம் காசு கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். அவர் தருவதைக் கறுப்பு வெள்ளையில், கட்டைவிரல் நக அளவில் அச்செடுத்துப் பார்த்து, அடையாளம் தெரிந்தால் ஏற்கலாம். பணத்தைக் கொடுக்கும்போது வாட்ஸ்அப்பில் வரும் ஜேபெக் படத்தோடு திரும்பிவிடக் கூடாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பு, ஒற்றை நிற வடிவம், எழுத்துருவின் பெயர், நிறங்களின் மை அளவு, கூடவே பதிப்புரிமையைக் கடைக்கு மாற்றித்தரும் கையெழுத்திட்ட கடிதம், இவை எல்லாவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லையென்றால், காசு கொடுத்த பிறகும் வரைந்தவரே உரிமை கோர 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது.