மாதாப்பூர் பாலை நிலமா? என் பழைய கட்டுரைக்கு ஒரு மறுப்பு

சங்க மலர்களைத் தொடர்ந்து வாசிக்கும் அன்பர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல: "நாம் வந்தபோது இங்கே வெறும் பாறைதான் இருந்தது." ஐதராபாத்தைப் பற்றி, அதிலும் மாதாப்பூர்ப் பக்கத்தைப் பற்றி, நம்மவர் யார் எழுதினாலும் இரண்டாம் பத்திக்குள் இது வந்துவிடும். நானும் எழுதியிருக்கிறேன். 2006-இல் மலருக்காக நான் எழுதிய கட்டுரையின் தலைப்பே "பாலையில் பூத்த மருதம்". பொங்கல் விழா மேடையில் அதை வாசித்தபோது கைதட்டல் கொஞ்சம் பலமாகவே இருந்தது. அந்தக் கட்டுரைக்கு இப்போது நானே மறுப்பு எழுதுவது வேடிக்கைதான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் வேறு யாரும் எழுதவில்லையே!

அன்று நான் சொன்னது இவ்வளவுதான். மாதாப்பூர் வறண்ட பூமி, பாறை, வெயில். ஆகவே அது பாலை. பொருள் தேடி வேங்கடம் தாண்டி வந்தவர்கள் நாம். ஆகவே நாம் பாலைத் திணைத் தலைவர்கள். 1998 நவம்பரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. அதன் பின் சாலை வந்தது, தண்ணீர் வந்தது, அடுக்ககம் வந்தது. ஆகவே பாலை மருதம் ஆயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று "ஆகவே"யில் நடுவில் உள்ளது ஒன்றுதான் தேறும்.

அந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200-ம் பாலை. சரிபாதி! அவற்றில் மாமூலனார் பாடியவற்றைப் படித்தால் நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும். வேங்கடத்துக்கு அப்பால் மொழி மாறும் நாட்டுக்குப் பொருள் தேடிப் போனவன், இங்கே நாள் எண்ணிக்கொண்டு இருப்பவள். அந்த 'மொழிபெயர் தேயம்' என்பது இன்றைய தெலுங்கு நாட்டுப் பக்கம்தான். ஆட்டோக்காரரிடம் அரைகுறை இந்தியிலும் காய்கறிக்காரம்மாவிடம் "எந்த?" என்று ஒற்றைத் தெலுங்குச் சொல்லிலும் காலம் தள்ளுகிற நமக்கு அந்தத் தொடரின் பொருளை உரையாசிரியர் வந்து விளக்க வேண்டியதில்லை. பிரிவு நம்முடையது. அதில் தப்பில்லை.

தப்பு, நிலத்தைச் சொன்ன இடத்தில். தொல்காப்பியர் அகத்திணையியலில் நிலம் என்று பிரித்துக் கொடுப்பது நான்குதான்: காடு, மலை, வயல், கடற்கரை. பாலைக்கு நண்பகலும் வேனிலும் உண்டு. தனி நிலம் இல்லை. இளங்கோவடிகள் இதை இன்னும் வெளிப்படையாக வைக்கிறார். காடுகாண் காதையில் மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரிந்து எடுக்கும் வடிவமே பாலை என்கிறான். அதாவது ஓரிடத்தைப் பாலை என்று சொல்பவன், முன்பு அது முல்லையா குறிஞ்சியா, யாரால் எப்போது திரிந்தது என்ற கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். 2006-இல் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பாறை தெரிந்தது, பாலை என்று எழுதிவிட்டேன்.

கேட்டிருந்தால் பதில் கிடைக்க வெகுதூரம் போயிருக்க வேண்டாம். ஊர்ப்பெயர்களே போதும். கோல்கொண்டா என்பது கொல்ல கொண்ட. தெலுங்கில் கொல்ல என்றால் ஆயர், கொண்ட என்றால் மலை. குதுப் ஷாஹி சுல்தான்கள் கல்கோட்டையாக எடுத்துக் கட்டிய இடத்துக்கு இடையன் மலை என்றுதான் பெயர். மாதாப்பூரை ஒட்டிய குட்டல பேகம்பேட்டில் குட்ட என்பது குன்று. கொண்டாப்பூரில் கொண்ட. பல்கலைக்கழகப் பக்கம் போனால் கஞ்ச கச்சிபௌலி (பயப்பட வேண்டாம், கஞ்சா இல்லை). கஞ்ச என்றால் ஆடுமாடு மேய விட்டிருந்த மேய்ச்சல் நிலம். மாடு மேய்த்தலும் மேய்ச்சற்காடும் எந்தத் திணையின் கருப்பொருள் என்று நம் பிள்ளைகளின் தமிழ் வகுப்பில் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள்.

கருப்பொருளில் முதலாவது தெய்வம். இந்தப் பகுதியில் கட்ட மைசம்மா என்ற பெயரில் சிறு கோயில்கள் உண்டு. கட்ட என்றால் ஏரிக்கரை. கரை காக்கும் அம்மன் அவள். தெரு நடுவில், கண்ணாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தால், "இங்கே கரை எங்கே?" என்று ஒரு நிமிஷம் நின்று கேட்க வேண்டும். நாமோ வண்டியை ஓரங்கட்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறோம்.

துர்கம் செருவு இன்னும் தெளிவான சாட்சி. குன்றுகளுக்கு நடுவே ஒளிந்திருந்ததால் 'ரகசிய ஏரி' என்று பெயர் பெற்றது. குதுப் ஷாஹி காலத்தில் கோல்கொண்டா கோட்டைக்குக் குடிநீர் கொடுத்தது. ஒரு ராஜ்யத்தின் தலைநகருக்குத் தண்ணீர் கொடுத்த ஊரைப் போய், தண்ணீரில்லாப் பாலை என்று எழுதியிருக்கிறேன்! 2020 செப்டம்பரில் அதன் மேல் தொங்குபாலம் திறந்தபோது குடும்பத்தோடு போய்ப் போட்டோ எடுத்தவர்களில் நானும் ஒருவன். 2024-இல் ஏரியின் முழுக்கொள்ளளவு எல்லைக்குள் இருப்பதாக அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான், அந்த எல்லை எங்கே இருந்தது என்று நம்மில் பலர் விசாரிக்கவே ஆரம்பித்தோம்.

பாறைக்கும் வருவோம். 'வெறும்' பாறை என்கிறோமே, அதைச் சற்றே கவனிக்கலாம். இது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல். பூமிக்குள் இருக்கும்போதே இதில் குறுக்கும் நெடுக்கும் வெடிப்புகள் விட்டன. வெடிப்பில் நீர் இறங்கி, மூலை முனைகளை முதலில் அரித்தது. பிறகு மேல்மண் கரைந்து போக, உருண்டையான உள்கல் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றுவிட்டது. யாரோ அடுக்கி வைத்தது மாதிரி தோன்றினாலும் யாரும் அடுக்கவில்லை. சில்பாராமம் வளாகத்தில் நிற்கும் கரடி மூக்குப் பாறையும், துர்கம் செருவைச் சுற்றிய குன்றுகளும் நகரின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவை. பாறைகளைக் காப்பதற்கென்றே 1996-இல் இங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாம் தமிழுக்குச் சங்கம் வைத்தோம், அவர்கள் கல்லுக்கு வைத்தார்கள்.

இதே பாறை அடுக்கை நான் இன்னோர் இடத்தில் பார்க்க நேர்ந்தது. என் மனம் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன். மகள் படித்துக்கொண்டிருந்த எக்சிடர் நகரத்துக்குப் போனபோது, பக்கத்து டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குக் கூட்டிப் போனாள். மூர் என்றால் மரமில்லாமல் புல்லும் புதரும் பாறையுமாக விரிந்த மேட்டுக்காடு. ஹேடார் என்ற குன்றைக் கண்டதும் என் மனைவி சொன்னது: "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம கொண்டாப்பூர் மாதிரியே இருக்கு!" விளையாட்டாகச் சொன்னாலும் சரியான பேச்சு. அதுவும் கருங்கல்தான், வயது மட்டும் சுமார் 28 கோடி ஆண்டு. பூமிக்குள் அரிபட்டு, மண் விலகி வெளியே வந்ததே அதுவும் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

நமக்கு டார்ட்மூர் என்றால் கானன் டாயில்தான். 1902-இல் நூலாக வந்த அவருடைய பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையைத் தமிழில் படித்தவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். அந்தக் கதையில் மூர் என்பது பனிமூட்டம், புதைசேறு, ஓலம், ஆள் அரவமற்ற வெளி. ஹோம்ஸ் ஒளிந்து தங்கும் கல்குடிசைகூட அச்சமூட்டத்தான் வருகிறது. ஆனால் அத்தகைய கல்குடிசைகள் வெண்கலக் காலத்து மக்கள் குடியிருந்து ஆடுமாடு வளர்த்த வீடுகள். அங்கே ஆதியில் மரமிருந்தது. அவர்கள் வெட்டினார்கள், மேய்த்தார்கள், மூர் உண்டாயிற்று. அதுவும் திரிந்த நிலம்தான். டாயில் நல்ல கதைசொல்லி. ஆனால் நிலத்தைப் படிப்பதில் என் 2006 கட்டுரைக்கு அவர் அண்ணன்.

அந்த மூரின் மடியில் விட்டிகோம் என்று ஒரு சின்ன ஊர். ஊரை மீறிய உயரத்தில் தேவாலயக் கோபுரம். 1638 அக்டோபரில் ஒரு ஞாயிறு, வழிபாடு நடக்கும்போதே இடி விழுந்து நான்கு பேர் இறந்தார்கள், அறுபது பேர் வரை காயம்பட்டார்கள். அதை ஊர் வாத்தியார் செய்யுளாகவே பாடி வைக்க, பலகையில் எழுதித் தேவாலயத்துக்குள் மாட்டியிருக்கிறார்கள். செப்டம்பரில் ஊர்ச் சந்தை. மூரில் இன்னும் ஆடும் மாடும் குட்டைக் குதிரைகளும் மேய்கின்றன. யார் யார் மேய்க்கலாம் என்பது அங்கே சட்டத்தில் பதிவானது. 1985-இல் அதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள்.

எல்லாம் தெய்வீகம் என்று சொல்ல வரவில்லை. ஹேடார் கல்லையும் வெட்டினார்கள். 1820-இல் கல்லாலேயே தண்டவாளம் போட்டுக் கல்லை இறக்கினார்கள். 1831-இல் திறந்த லண்டன் பாலத்தில் அந்தக் கல் இருந்தது. பிறகு அந்தப் பாலத்தையே அமெரிக்காக்காரருக்கு விற்றார்கள், அது வேறு கதை. மூரில் கூடாரம் போட்டு இரவு தங்கும் உரிமைக்காக 2025 வரை உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஆக, அங்கேயும் சண்டைதான். ஆனால் அந்தச் சண்டையில் "அங்கே ஒன்றுமே இல்லை" என்று யாரும் வாதாட முடியாது. மேய்ப்பவனுக்கு ஏட்டில் இடம் இருக்கிறது.

அங்கே உளித்துளைகள் வரிசையாக இருந்த ஒரு பாறையைக் கண்டேன். ஆப்பு இறக்கிப் பிளப்பதற்குப் போட்டுவிட்டு, ஏனோ பிளக்காமல் விட்டது. நம் பக்கத்துக் காலி மனையிலும் இதே மாதிரி ஒரு கல் பல வருஷம் கிடந்தது. இங்கே அதைச் செய்தவர்கள் வட்டெர என்று சொல்லப்படும் கல்லொட்டர்கள். அந்த வேலையும் ஒரு கருப்பொருள்தானே? நான் எழுதவில்லை.

இப்போது மூன்றாவது "ஆகவே". மருதம் என்றேன். மருதத்துக்கு வயல் வேண்டும், பொய்கை வேண்டும். நம்மிடம் இருப்பது ஊடல் ஒன்றுதான். ராத்திரி பத்து மணிக்கு அமெரிக்காவோடு மீட்டிங் என்று உட்கார்ந்தால் அது வராமல் என்ன செய்யும்? மற்றபடி ஏரியைச் சுருக்கி எழுப்பிய கட்டடத்துக்கு மருதம் என்று பெயர் வைத்தது என் பிழை. அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. தரிசு, புறம்போக்கு என்று எழுதுகிற அரசாங்கக் குறிப்பேடு செய்யும் வேலையை என்னுடைய 'பாலை' என்ற அழகான சொல்லும் செய்தது. 2025 மார்ச்சில் கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் இரவும் பகலும் இயந்திரங்கள் மரங்களைத் தள்ளியபோது, அது காடே அல்ல என்றுதான் ஒரு தரப்பு சொன்னது. மயிலும் மானும் வெளியே ஓடி வந்தன. ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. மயில் குறிஞ்சி, மான் முல்லை. தொல்காப்பியம் படித்த நான் அதை மாணவர்கள் போராடிய பிறகு, டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என் பழைய கட்டுரையை ஆதரிக்கும் நண்பர் ஒருவர், "பிரிவு இருக்கிறதே, அப்புறம் பாலை என்றால் என்ன?" என்று கேட்டார். இதற்கும் தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறார். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலங்கள் மயங்கா. பிரிவு என்ற ஒழுக்கம் முல்லையிலும் நிகழலாம். அதற்காக முல்லை நிலம் பாலை ஆகிவிடாது. நம் பிரிவை நாம் கொண்டுவந்தோம், நிலம் முன்பே இருந்தது.

எங்கள் அடுக்ககத்துக் காவலாளி இந்த ஊர்க்காரர், அறுபது தாண்டியவர். இந்தக் கட்டுரைக்காக ஒரு நாள் சாயங்காலம் அவரோடு மொட்டை மாடிக்குப் போனேன். கையை அரைவட்டமாக வீசி, "இதந்தா மா நாயன மேகலு காசின ஜாக சார்" என்றார். அவர் அப்பா ஆடு மேய்த்த இடமாம். ஜூனில் முதல் மழை விழுந்ததும் பாறைக் குழிகளில் புல் தலைகாட்டுமாம்; ஆட்டை மேலே ஏற்றிவிட்டு, இருட்டுவதற்குள் ஓட்டிக்கொண்டு இறங்குவார்களாம். கார்காலம், மாலைப்பொழுது, வீடு திரும்பும் மந்தை. நான் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். சீத்தாப்பழம் எங்கே கிடைக்கும், எந்தப் பாறையின் நிழலில் கஞ்சி குடித்தார்கள் என்று அவர் காட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பாறை நின்ற இடத்தில்தான் எங்கள் பி பிளாக்கின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது.