சாவியோடு வரும் நூல்

இந்த வார விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் நூல் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்காது. இலவசம்தான். ஆனால் அதைப் பெற ஒரு புது லாரி வாங்க வேண்டும். சாவியோடு சேர்த்துக் கையில் கொடுப்பார்கள். பெயர், வாரன்ட்டி புத்தகம்.

முழுசாகப் படித்தவர்கள் குறைவு. நீங்கள் படித்துப் பாருங்கள். முன்பாதியில் கொடுத்ததையெல்லாம் பின்பாதியில் ‘தவிர’, ‘நீங்கலாக’, ‘பொருந்தாது’ என்ற மூன்று வார்த்தைகளால் திரும்ப வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம் தெரியும். கிளட்ச் பிளேட், பெல்ட், ஃபில்டர் நீங்கலாக. ஓவர்லோடு ஏற்றினால் பொருந்தாது. வெளிப் பட்டறையில் இன்ஜினைப் பிரித்தால் பொருந்தவே பொருந்தாது.

இதையெல்லாம் கூட மன்னிக்கலாம். என் முக்கியமான புகார் வேறு. இன்ஜினுக்கு நோய் வந்தால் முதலில் தெரிவது சத்தத்தில். இந்த நூலில் அதற்கு ஓர் அத்தியாயம் கிடையாது. பல கையேடுகளில் சத்தம் தலைகாட்டுவது ஒரே இடத்தில்தான்: ‘செயல்பாட்டைப் பாதிக்காத லேசான சத்தம், அதிர்வு வாரன்ட்டியில் சேராது.’ பாதிக்குமா, லேசா என்பதை யார் சொல்வது? ரிப்பேர் செலவை ஏற்க வேண்டியவரேதான். வாதியின் வழக்கில் பிரதிவாதியே ஜட்ஜ்.

நாமக்கல் பக்கத்து டிரைவர்களுக்கு இந்த அத்தியாயம் மனப்பாடம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் பயமில்லை. மேலிருந்து ‘டிக் டிக்’ என்றால் டாப்பெட். கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் தாளமும் பாதி. அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று வந்து, லோடோடு மேடு ஏறும்போது கனத்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கூடவே ஆயில் பிரஷரும் இறங்கினால் அங்கேயே ஓரம் கட்ட வேண்டும். மீறி ஓட்டினால் கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். அப்புறம் ‘தெரிந்தும் ஓட்டினீர்களே’ என்று வாரன்ட்டியும் போய்விடும்.

இத்தனையும் தெரிந்த டிரைவர் சர்வீஸ் சென்டரில் போய்ச் சொன்னால் என்ன பதில்? “புது இன்ஜினுங்ணா, அப்படித்தான் இருக்கும். ஓட ஓட செட்டாயிருங்ணா.”

ஓடத்தான் செய்கிறது, வாரன்ட்டியும் கூடவே. வருஷமா, கிலோமீட்டரா, எது முந்துகிறதோ அதோடு சரி. வடநாட்டுக்கு லோடு அடிக்கும் வண்டிக்கு கிலோமீட்டர்தான் முந்தும். மாத டியூ மட்டும் நிற்காது.

புது இன்ஜினில் கோளாறு வராது என்பதும் கதை. 2024 மே மாதம் டொயோட்டா கம்பெனியே அமெரிக்காவில் சுமார் 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2022, 2023 மாடல் டன்ட்ரா பிக்கப்புகளும் லெக்ஸஸ் வண்டிகளும். தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த உலோகத் துணுக்குகள் சில இன்ஜின்களுக்குள்ளேயே தங்கியிருக்கலாம் என்றார்கள். அறிகுறிகளில் ஒன்றாக அவர்களே சொன்னது, இன்ஜின் தட்டும் சத்தம்.

எனவே விடுபட்ட அத்தியாயத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். இடம், ஜாப் கார்டு. ‘சத்தம், செக் பண்ணவும்’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். குளிரிலா, சூட்டிலா, எந்த கியரில், எத்தனை ஆர்.பி.எம்.மில், லோடோடா, காலியாகவா, எத்தனை கிலோமீட்டரில் என்று எல்லாம் வேண்டும். செல்போனில் பதிவு செய்யுங்கள். அதே மாடல் இன்னொரு வண்டியை ஸ்டார்ட் செய்து ஒப்பிடச் சொல்லுங்கள். ‘நார்மல்’ என்றால் சந்தோஷம். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பி கொடுக்கச் சொல்லுங்கள். வாயால் நூறு தடவை நார்மல் சொல்கிறவர்கள் பேனாவை எடுத்ததும் இன்னொரு முறை கேட்டுப் பார்ப்பார்கள்.

‘லாரி வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது’ என்று யாராவது மிரட்டினால் முழுக்க நம்ப வேண்டாம். லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் விளக்கியிருக்கிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கான அந்த விலக்கு 2019 சட்டத்திலும் இருக்கிறது. புகார் செய்ய இரண்டு வருஷ அவகாசம். அங்கே பேசப்போவது உங்கள் ஜாப் கார்டு.

மொத்தத்தில், நல்ல தாள், தெளிவான அச்சு. காது மட்டும் இல்லாத நூல்.