முதுகா, இடுப்பா?

நாட்பட்ட முதுகுவலியில் நோவின் கடுமையை மட்டும் அளந்தால் போதாது. நோயாளர் தம் முதுகை எவ்வாறு உணர்கின்றார் என்பதையும் அறிதல் வேண்டும். 2014 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் பெனடிக்ட் வாண்ட் குழுவினர் வெளியிட்ட ஃபிரீமேன்டில் வினாத்தாள் அதற்கென எழுந்தது. முதுகு உடலோடு ஒட்டாததுபோல் உள்ளதா, வீங்கியதுபோலா, சுருங்கியதுபோலா என 9 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 36ஐ நெருங்க நெருங்க உணர்வு மிகத் திரிந்துள்ளது என்பது பொருள்.

நோக்கம் நன்று. ஆயினும் இதனைத் தமிழாக்கி நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்திற்குக் கொண்டு செல்வோர் முதற்சொல்லிலேயே இடறுவர். ஆங்கிலத்தில் ஒரே சொல் மேல்முதுகையும் கீழ்முதுகையும் தழுவும். பால்மரம் சீவக் குனிந்தும் வாளி சுமந்தும் மூப்படைந்த அம்மையாரோ நோகும் கீழ்ப்பகுதியைப் பெரும்பாலும் 'இடுப்பு' என்றே சொல்வார். தாளில் 'முதுகு' என்றிருந்தால், "முதுகுல ஒண்ணுமில்லையே ஐயா" என்பார். கேட்பவர் சுழியம் இடுவார். கெட்டுப்போன உணர்வு கணக்கில் நலமாகிவிடும்! 'இடுப்பு' என்றே எழுதலாமெனின், இடுப்புவலி பேற்றுநோவையும் குறிக்குமே. 'மரத்துப்போச்சு' என்று அவர் தாமே சொல்லும் சொல்லுக்கோ அந்த 9 கூற்றுகளில் இடமே இல்லை. பெயர்ப்போர் முதலில் நோகும் இடத்தை அவரைத் தொட்டுக் காட்டச் சொல்லி, அவர் வாய்ச்சொல்லையே தாளில் ஏற்றுதல் தகும்.