பயந்து பயந்து ஜெயித்தவர்

கூண்டுச் சண்டைக்காரர்களைப் பேட்டி எடுப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "பயமாக இல்லையா?" என்பது. பலர் சிரித்து மழுப்பிவிடுவார்கள். சிலர் எதிராளிதான் பயப்பட வேண்டும் என்று மார்தட்டுவார்கள். கனடாவின் ஜார்ஜ் செயின்ட் பியர் (சுருக்கமாக ஜிஎஸ்பி) இந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னவர். ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் பயம், தூக்கமின்மை, காத்திருக்கும் நேரத்தின் சித்திரவதை. சண்டை போடுவதே தனக்குப் பிடிக்காது, ஜெயித்தால் வரும் பணமும் பெயரும் சுதந்திரமும்தான் பிடிக்கும் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எம்.எம்.ஏ. எனும் கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டையின் வரலாற்றில் தலைசிறந்தவர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் சில பெயர்களுக்குள் வருகிறவர் சொன்ன பேச்சு இது.

ஜிஎஸ்பி பயத்தை வென்றார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசிச் சண்டை வரை அவர் பயந்துகொண்டுதான் இருந்தார். அந்தப் பயத்தைச் சும்மா விடாமல் வேலை வாங்கினார் என்பதுதான் அவருடைய சாமர்த்தியம்.

1981-ல் பிறந்தவர். கியூபெக் மாகாணத்தில் மான்ட்ரியலுக்குத் தெற்கே சாந்த் இசிடோர் என்ற சின்ன ஊர். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடி வாங்கி, காசையும் துணியையும் பறிகொடுத்த பிள்ளை. ஏழு வயதில் கியோகுஷின் கராத்தேயில் சேர்ந்தார். வாலிபத்தில் குப்பை அள்ளும் வேலை, இரவு விடுதி வாசலில் பவுன்சர் வேலை. இதற்கு நடுவே மான்ட்ரியலிலிருந்து பஸ் பிடித்து நியூயார்க் போய், ரென்ஸோ கிரேசியின் கூடத்தில் ஜூஜிட்சு கற்றுக்கொண்டு திரும்புவார்.

2004 அக்டோபரில் முதல் பட்டச் சண்டை, எதிரே மேட் ஹியூஸ். தான் ஆராதித்த வீரர் என்பதால் எதிரெதிரே நிற்கவைத்தபோது அவர் கண்ணைப் பார்க்கவே முடியவில்லை என்று ஜிஎஸ்பி பிறகு ஒப்புக்கொண்டார். முதல் ரவுண்டு முடிய ஒரே ஒரு விநாடி இருக்கும்போது ஆர்ம்பார் என்ற கைப்பூட்டில் சிக்கி, தட்டிச் சரணடைந்தார். ஒரு விநாடி பல்லைக் கடித்திருந்தால் மணி அடித்திருக்கும். இரண்டு ஆண்டு கழித்து அதே ஹியூஸை உதைத்துச் சாய்த்து வெல்டர்வெயிட் பட்டத்தை எடுத்தார். அதுவரை வழக்கமான சினிமாக் கதை.

கதை திரும்பியது 2007 ஏப்ரலில், ஹூஸ்டனில். எதிராளி மேட் செரா. ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்றில் ஜெயித்துப் பட்டச் சண்டை வாய்ப்பைப் பெற்றவர். அவர் ஜெயிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் ரவுண்டிலேயே செராவின் குத்து காதோரம் விழுந்தது. ஜிஎஸ்பியின் கால்கள் குழைந்தன. எழுந்து நிற்கப் பார்த்தார், மறுபடி விழுந்தார். மூன்றரை நிமிடத்துக்குள் பட்டம் போய்விட்டது.

அந்த ஒரு சண்டைக்கு முன்பு மட்டும் அவருக்கு இருக்க வேண்டிய அளவு பயம் இருக்கவில்லை என்பது என் கணிப்பு. அதன் பிறகு அந்தத் தவறு நடக்கவே இல்லை. விளையாட்டு உளவியல் ஆலோசகரிடம் போனார். செராவின் பெயரை எழுதிய ஒரு செங்கல்லைக் கையில் சுமந்து திரிந்து, கடைசியில் ஆற்றில் எறிந்தார். இந்தச் செங்கல் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்த இடங்கள். மான்ட்ரியலில் கனடாவின் தேசிய அளவிலான மல்யுத்த வீரர்களோடு புரண்டார். ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் சின்னப் பிள்ளைகள் செய்யும் குட்டிக்கரணத்தைத் தத்தித் தத்திக் கற்றார். குத்துச்சண்டைக்குப் பயிற்சியாளர் ஃப்ரெடி ரோச்சிடம் போனார். எந்த அறைக்குள் போனால் தான்தான் மட்டமான ஆளோ அந்த அறையாகப் பார்த்துப் போனார். பள்ளியில் மல்யுத்தமே பழகாத இந்த மனிதர், பிற்பாடு அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன்களையே காலை வாரித் தரையில் கிடத்தினார். வாரத்தில் ஐந்து நாள் தோற்றுப் பழகியவருக்குச் சண்டை நடக்கும் சனிக்கிழமை இரவு புதிதாக என்ன நடந்துவிடும்?

இந்தத் தொழிலின் நாள்காட்டியே பயத்தை வளர்ப்பதற்கென்று அமைந்தது. கிரிக்கெட்டில் டக் அவுட் ஆனவருக்கு அடுத்த இன்னிங்ஸ் உண்டு. கூண்டுக்காரருக்கு ஆண்டுக்கு இரண்டு, மூன்று இரவுகள்தான். அதற்காக எட்டு, பத்து வாரம் முகாம். கடைசி வாரம் எடை இறக்கும் கொடுமை: உப்பைக் குறைத்து, தண்ணீரை நிறுத்தி, சூடான குளியலிலும் நீராவி அறையிலும் வியர்வையாக உடம்பைப் பிழிய வேண்டும். வெல்டர்வெயிட் என்றால் எடை எடுக்கும் காலையில் முள் 77 கிலோவில் நிற்க வேண்டும்; மறுநாள் சண்டைக்குள் இழந்த நீரையெல்லாம் திரும்ப ஏற்ற வேண்டும். இத்தனைக்கும் பிறகு சம்பளம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இரண்டு பாதி. கூண்டில் ஏறினால் ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொன்று. தோற்றவர் பாதிக் காசோடு வீடு போய், அதிலேயே பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும் பங்கு வைக்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஜிஎஸ்பி மீதான பெரிய குற்றச்சாட்டைப் பார்க்க வேண்டும். 2008-ல் செராவைப் பழிதீர்த்த பிறகு ஒன்பது முறை பட்டத்தைக் காத்தார். அதில் எட்டு சண்டைகள் 25 நிமிடமும் ஓடி, நடுவர்களின் புள்ளிக்குப் போனவை. 2009-ல் பி.ஜே. பென் மட்டும் நான்காம் ரவுண்டுக்குப் பிறகு எழவில்லை. 'பாதுகாப்பாக ஆடுகிறார், போரடிக்கிறது' என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். டான் ஹார்டியின் கையை இரண்டு முறை முறுக்கிப் பிடித்தும் முடிக்க முடியாதபோது முணுமுணுப்பு இன்னும் கூடியது.

போரடிக்கிறதா? 2010 டிசம்பரில் மான்ட்ரியலில் ஜாஷ் கோஷ்செக்கோடு நடந்த இரண்டாவது சண்டையைப் பாருங்கள். கோஷ்செக் பெரிய மல்யுத்தக்காரர், வலக்கை இடி மாதிரி. ஜிஎஸ்பி இடுப்பைத் தாழ்த்திக் காலைப் பிடிக்க வருவதுபோல் பாவனை காட்டுகிறார். கோஷ்செக்கின் கைகள் தாமாகவே கீழே இறங்குகின்றன. அந்த இடைவெளியில் இடக்கை ஜாப் நேராக வலக் கண்ணில் போய் உட்காருகிறது. ஜிஎஸ்பி உடனே ஓரடி விலகிவிடுகிறார். திரும்பவும் பாவனை, திரும்பவும் ஜாப். முதல் ரவுண்டு முடிவதற்குள் கண் வீங்கத் தொடங்கிவிட்டது. கண்குழி எலும்பு உடைந்திருந்தது பிறகு தெரிந்தது. மிச்ச 20 நிமிடமும் அதே கண்ணுக்கு அதே குத்து. துணிச்சல்காரர் என்றால் நாக் அவுட்டுக்காகப் பாய்ந்து, கோஷ்செக்கின் வலக்கையில் மாட்டியிருக்கக்கூடும். அந்த ஒரு கையை ஐந்து ரவுண்டும் மறக்காதவரின் ஆட்டம் இது. மூன்று நடுவர்களும் ஐந்து ரவுண்டையும் அவருக்கே கொடுத்தார்கள்.

பயந்தவர் என்றால் அடி விழுந்ததும் ஒடுங்கிவிடுவார் என்று நினைக்க வேண்டாம். முழங்கால் தசைநார் கிழிந்து, ஒன்றரை ஆண்டு கூண்டுப் பக்கமே வராமல் இருந்துவிட்டு, 2012 நவம்பரில் கார்லோஸ் காண்டிட்டைச் சந்தித்தார். மூன்றாம் ரவுண்டில் காண்டிட்டின் உதை தலையில் விழுந்து தரையில் சாய்ந்தார். மேலே ஏறிக் குத்தினார் காண்டிட். ஜிஎஸ்பி கையால் மறைத்து, காலால் தள்ளி, மூச்சு வாங்கி, மெல்ல எழுந்தார். ரவுண்டு முடிவதற்குள் காண்டிட்டைத் தரையில் கிடத்தியும் விட்டார். இந்த நிமிடத்தை மனதுக்குள் ஆயிரம் முறை பார்த்துப் பயந்தவர் என்பதால்தான் நேரில் வந்தபோது திகைக்கவில்லை என்பேன்.

பயமே இல்லாதவர் எப்படி இருப்பார் என்பதற்கும் அதே காலத்தில் உதாரணம் இருந்தது. மிடில்வெயிட் சாம்பியன் ஆண்டர்சன் சில்வா இந்தச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி அமைப்பில் தொடர்ச்சியாக 16 வெற்றி கண்டவர், என்னைக் கேட்டால் ஜிஎஸ்பியைவிட அழகாகச் சண்டை போட்டவர். கைகளைத் தொங்கவிட்டு, முகத்தை நீட்டி, 'அடி பார்க்கலாம்' என்பார். 2013 ஜூலையில் கிறிஸ் வைட்மன் அப்படியே அடித்தார். சில்வா மயங்கி விழுந்தார்.

அந்த ஆண்டு நவம்பரில் ஜானி ஹென்ட்ரிக்ஸோடு ஜிஎஸ்பி மோதினார். முகமெல்லாம் வீங்கி, மூன்று நடுவர்களில் இருவரின் தயவில் ஜெயித்தார். முதல் ரவுண்டை யாருக்குக் கொடுப்பது என்ற சண்டை ரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை. நான் ஹென்ட்ரிக்ஸ் பக்கம். முடிவு அறிவித்த உடனே தனக்குக் கொஞ்ச காலம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றார் ஜிஎஸ்பி. யுஎஃப்சி தலைவர் டேனா வைட் கடுப்பானார். மறு மாதமே பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் சாம்பியன்.

பயம் செய்த மிகப் பெரிய உபகாரம் இதுதான். இந்தத் தொழிலில் யாரும் நேரத்தோடு எழுந்து போவதில்லை. ஜிஎஸ்பியிடம் தோற்ற பி.ஜே. பென், மகத்தான திறமைசாலி, கடைசி ஏழு சண்டைகளையும் வரிசையாகத் தோற்றார். முன்னாள் சாம்பியன் சக் லிடெல் 48 வயதில் திரும்பி வந்து முதல் ரவுண்டிலேயே நாக் அவுட் ஆனார். நம்மைவிட அவர்களுக்குத் தைரியம் அதிகம், அதில் சந்தேகமில்லை. போதும் என்று சொல்ல அந்தத் தைரியம் உதவவில்லை.

ஜிஎஸ்பி திரும்பி வரவில்லையா என்றால், வந்தார். நான்கு ஆண்டு கழித்து, 2017 நவம்பரில், ஒரு படி மேலான எடையில் மைக்கேல் பிஸ்பிங்கைப் பின்னாலிருந்து கழுத்தை நெரித்து இரண்டாவது பட்டத்தையும் எடுத்தார். பெருங்குடல் அழற்சி என்று மருத்துவர்கள் சொன்னதும், வென்ற சுமார் ஒரு மாதத்தில் அதையும் விட்டுக்கொடுத்தார். 2019 பிப்ரவரியில், 37 வயதில், முறைப்படி ஓய்வை அறிவித்தார். 26 வெற்றி, 2 தோல்வி. தோற்கடித்த இருவரையும் பிறகு தோற்கடித்தார். கடைசி 13 சண்டைகளில் தோல்வியே இல்லை. அவர் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் நாக் அவுட் தொகுப்புகளைத் தேட வேண்டாம். கோஷ்செக் சண்டையையும் காண்டிட் சண்டையையும் ஐந்து ரவுண்டும் விடாமல் பாருங்கள்.