தாளம் போடுவது யார்?

வகுப்பில் தனி ஊசலை ஆட்டிக் காட்டி, "அலைவுகள் அனைத்துக்கும் இதுவே முன்மாதிரி" என்று பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். அது அரைகுறைப் பாடம் என்று எனக்கு உணர்த்தியது இயற்பியல் நூல் அன்று, மூளையைப் பற்றிய ஒரு நூல். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு நடத்தும் ஜியோர்ஜி புஷாகி எழுதிய 'ரிதம்ஸ் ஆஃப் தி பிரெய்ன்' என்ற அந்நூல் 2006-இல் வெளிவந்தது. அத்தியாயங்களுக்குக்கூட 'சுழற்சி' என்றே பெயர் வைத்திருக்கிறார் ஆசிரியர்! நூல் பெரிது. அதில் நினைவாற்றலின் மையமாகிய ஹிப்போகாம்பஸில் எழும் தீட்டா அலையைப் பற்றிய பகுதியை மட்டும் இங்கே பார்ப்போம்.

எலி நடமாடும்போதும் கனவுத் தூக்கத்தின்போதும், அதன் ஹிப்போகாம்பஸில் செருகிய மின்முனை வினாடிக்குச் சுமார் 4 முதல் 12 முறை ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைக் காட்டுகிறது. தனி ஒரு செல் இவ்வளவு பெரிய அலையை எழுப்பாது. அங்குள்ள பிரமிடு வடிவச் செல்கள் வயலில் நட்ட நாற்றுப்போல ஒரே திசை நோக்கி நிற்கின்றன. ஆகவே அவற்றின் மின்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் கூடிவிடுகின்றன.

ஆனால் அத்தனை செல்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்க வேண்டுமே! இங்கேதான் ஊசல் உதவாது. சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். துளி மெல்லப் பருத்து, சட்டென்று விழுகிறது; மீண்டும் பருக்கிறது. விழப்போகும் தறுவாயில் குழாயை இலேசாகத் தட்டினால் போதும், துளி முன்னதாகவே விழுந்துவிடும். மூளைச் செல்லும் இவ்வினத்தைச் சேர்ந்த அலைவியே. அண்டைச் செல் தரும் சிறு தூண்டுதலோ தடுப்போ அதன் நேரத்தை மாற்றியமைத்துவிடும். இருவகை அலைவிகளையும் பிரித்துக் காட்டும் பக்கங்களை இயற்பியல் மாணவர் எவரும் படிக்க வேண்டும் என்பேன்.

சரி, முதல் தட்டு எங்கிருந்து வருகிறது? செப்டம் என்ற அண்டைப் பகுதியைச் சிதைத்தால் தீட்டா மறைவதை 1954-இல் கிரீன், ஆர்துயினி இருவரும் கண்டனர். அங்குள்ள செல்கள் அதே தாளத்தில் துடிப்பதை 1962-இல் பெட்ஷேயும் அவர் குழுவினரும் காட்டினர். செப்டம் ஹிப்போகாம்பஸின் தடுப்புச் செல்களைத் தடுக்கிறது. தடை நீங்கும்போதெல்லாம் பிரமிடு செல்கள் எழுகின்றன. 'செப்டம் தாளம் போடுகிறது, ஹிப்போகாம்பஸ் ஆடுகிறது' என்று பாடநூல்கள் சுருக்கிவிட்டன. விஷயம் அவ்வளவு எளிதன்று என்பதை நூலாசிரியர் அறிவார். ஹிப்போகாம்பஸின் உள் வலைப்பின்னலுக்கும் அவர் உரிய இடம் தருகிறார். நூல் வெளிவந்த மூன்றாம் ஆண்டில், 2009-இல், கூட்டான்யி, ஜாக்சன், வில்லியம்ஸ் ஆகியோர் எலியின் ஹிப்போகாம்பஸை முழுதாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்தபோது, செப்டம் இல்லாமலே தீட்டா எழுந்தது! கும்மியடிப்பவர்கள் மேளம் இல்லாமலும் ஒன்றாகக் கைதட்டுவதில்லையா? மேளம் இருந்தால் அதைப் பின்பற்றுவார்கள். உயிருள்ள விலங்கில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

இதுவரை எனக்கு நூலோடு பிணக்கில்லை. தாளம் எதற்கு என்ற கேள்வியில்தான் ஆசிரியரின் உற்சாகம் சான்றுகளை முந்திக்கொண்டு ஓடுவதாக எனக்குப்படுகிறது. தெருவில் நிற்கும் மின்மாற்றி 100 ஹெர்ட்ஸில் 'உம்' என்று முனகுகிறது. மின்னோட்டம் போகிறது என்பதற்கு அது அறிகுறி; ஆனால் முனகுவது மின்மாற்றியின் வேலையன்று. தீட்டாவும் அத்தகைய முனகல்தானோ?

செப்டம் சிதைந்து தீட்டாவை இழந்த எலிகள் இடநினைவையும் இழந்தன என்று 1978-இல் வின்சன் காட்டியது உண்மை. செப்டம் போனால் தாளம் மட்டுமா போகிறது? அங்கிருந்து வரும் அசிட்டைல்கோலினும் போய்விடுகிறது. குற்றவாளி எது? இதைவிட வலுவான சான்று 1993-இல் ஓகீஃபும் ரெக்கேயும் கண்டது. எலி ஓர் இடத்தைக் கடந்து செல்லச்செல்ல, அந்த இடத்துக்குரிய செல், அலையின் ஒவ்வொரு சுற்றிலும் சற்று முன்னதாகவே துடிக்கிறது. வெறும் முனகலாக இருந்தால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

ஆனால் வௌவால் வந்து கணக்கைக் கலைத்தது. இடைவிடாத தீட்டா இல்லாமலே அதன் மூளையில் இடமறியும் செல்கள் செம்மையாக இயங்குவதை யார்ட்சேவ், விட்டர், உலனோவ்ஸ்கி ஆகியோர் 2011-இல் வெளியிட்டனர். சீரற்று ஏறி இறங்கும் அலையோடும் செல்கள் அதே நேர ஒழுங்கைக் காப்பது 2018-இல் வெளியாயிற்று. ஒரு செல் எப்போது துடிக்கிறது என்பதுதான் முக்கியம். சீரான தாளம் அதற்கு ஒரு வழி, ஒரே வழி அன்று.

பின்னால் வந்த ஆய்வுகளை முன்னால் வந்த நூல் சொல்லவில்லையே என்று குறைகூற மாட்டேன். நடை கடினமாக இருப்பதைத்தான் குறையாகச் சொல்வேன். உயிரியல் சொற்கள் வழிமறிக்கும் இடங்கள் பல. கல்லூரி நூலகத்தில் கிடைத்தால் அலைவிகளைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள். தீட்டா அத்தியாயத்துக்கு வரும்போது, வௌவாலையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.