அடி பிசகாத ஈயம்

ஈயக்குண்டு வார்க்கத் தெரிந்தவர், அச்சிலிருந்து விழுந்த குண்டை எடுத்ததும் முதலில் அதன் அடியைத்தான் பார்ப்பார். மூக்கில் சின்னக் கீறல் இருந்தால் பொறுத்துக்கொள்வார். அடியின் விளிம்பில் ஊசிமுனையளவு குழி இருந்தாலும் குண்டு மறுபடி உருக்குச்சட்டிக்கே போய்விடும்.

துப்பாக்கிக் குழலை விட்டுக் கடைசியாகப் பிரிவது குண்டின் அடி. விளிம்பு ஓரிடத்தில் மழுங்கியிருந்தால், பின்னால் சீறிவரும் வாயு அந்த இடத்தில் முந்திக்கொண்டு பீறிடும். குண்டு மயிரிழை சாயும்; இலக்கை அடைவதற்குள் அந்தச் சாய்வு அங்குலக்கணக்கில் வளர்ந்துவிடும். மாசசூசெட்ஸ் மாநிலத்து மில்ஃபோர்டில் வாழ்ந்த மருத்துவர் ஃபிராங்க்ளின் மான், கான்கிரீட் மேடையில் குழலை அசையாமல் இருத்தி, மூக்கைக் கெடுத்த குண்டுகளையும் அடியைக் கெடுத்த குண்டுகளையும் வேண்டுமென்றே சுட்டுப் பார்த்தார். 1909இல் வெளியான அவருடைய நூல், அடியின் பழுதே குறியைக் கெடுக்கிறது என்று காட்டியது.

இந்தக் கலை செழித்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அமெரிக்காவில். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ‘ஷூட்ஸன்’ போட்டிகளில், 200 கஜத் தொலைவிலுள்ள வட்டப்பலகையை நின்றபடியே சுட வேண்டும். பல்லார்ட், ஸ்டீவன்ஸ், ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1885 எல்லாமே ஒரு தடவைக்கு ஒரே தோட்டா ஏற்கும் துப்பாக்கிகள். பலரும் விரும்பிய 32-40 தோட்டாவின் குண்டு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் குறுக்களவும் 165 கிரெய்ன், அதாவது 11 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டது. 200 கஜத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய அரை நொடி பிடிக்கும். உதை குறைவு என்பதால் நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் தாங்கும்.

வார்ப்பின் அழகு சூட்டை அறிவதில் இருக்கிறது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதில் சிறிது வெள்ளீயம் கலந்தால் கலவை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்து நிறையும். குண்டும் சற்றுக் கெட்டிப்படும். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேல் சுருக்கம் விழும். சூடு மிஞ்சினால் பனி பூத்தாற்போல் வெளுக்கும். கை தேர்ந்தவர் இரண்டுக்கும் நடுவில் ஒரே தாளத்தில் வார்த்துக்கொண்டே போவார்.

இவர்களில் நான் பெரிதும் மதிப்பவர் ஹாரி போப். 1861இல் பிறந்து 1950இல் மறைந்த இந்தக் குழல் வல்லுநர், குண்டின் அடியைக் காப்பதற்காகவே தன் கருவிகளை யோசித்துச் செய்தார். அவருடைய அச்சில் ஈயம் மூக்குப் பக்கமாக ஊற்றப்படும்; ஊற்றிய தழும்பும் மூக்கிலேயே தங்கிவிடும். சுடுவதற்கு முன் குண்டு குழலின் வாய்வழியாக, அடி முந்தி, உள்ளே தள்ளப்படும். குழலின் சுருள்வரிகள் ஈயத்தைச் செதுக்கும்போது எழும் பிசிறு மூக்கை நோக்கி ஒதுங்க, அடி சுத்தமாகவே இருக்கும். குண்டு நுழையும்போது குழல்வாய் தேயாதபடி, அதே குழலிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டை முனையில் பொருத்துவார்கள். குழலும் துண்டும் சேர்ந்திருக்கும்போதே சுருள்வரி வெட்டப்படுவதால், வரி எங்கும் இடறாது. பிறகு வெடிமருந்து நிரப்பிய பித்தளைக் கூட்டைப் பின்பக்கம் செருகி, முனைத்துண்டைக் கழற்றிவிட்டுச் சுட வேண்டும்.

1901 மே 16 அன்று கொலராடோ மாநிலத்தின் போல்டரில் ரோலண்ட் என்பவர் போப் செய்த குழலைத் தாங்கியில் வைத்து, 200 கஜத்தில் பத்துக் குண்டுகள் சுட்டார். மிகத் தள்ளி விழுந்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையே முக்கால் அங்குலம்கூட இல்லை. மென்மையான ஈயத்தால் எட்டிய துல்லியம் இது.

விலைக்கு வாங்கிய தோட்டாவைச் சுடுபவரின் திறமை, துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போதுதான் தொடங்குகிறது. தானே வார்த்துச் சுடுபவருக்கு அது ஈயம் உருகும்போதே தொடங்கிவிடும். உருக்குவது, வார்ப்பது, எடை பார்ப்பது, கொழுப்பும் தேன்மெழுகும் தடவுவது, திணிப்பது எனக் கைபட்ட ஒவ்வொரு வேலைக்கும் பலகைதான் தீர்ப்பு சொல்கிறது. அதில் ஒட்டி ஒட்டி விழுந்த துளைகளைக் கண்டால் சுட்டவரின் கண்ணை மட்டும் பாராட்ட எனக்கு மனம் வராது. அடி சரியில்லை என்று அவர் தயங்காமல் சட்டியில் திருப்பிப் போட்ட குண்டுகளுக்கும் அந்தப் பாராட்டில் பங்குண்டு.