விலையும் வடிவமும்: த கிளாஷ் குழுவின் இசைத்தொகுப்புகளைக் கால ஒழுங்கிற் கேட்டல்

மேனாட்டு றொக் இசை பற்றி நமது முற்போக்கு விமர்சகர் மத்தியில் இரு நோக்குகள் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளன. அதனை நலிந்துவரும் முதலாளித்துவப் பண்பாட்டின் கழிவு என ஒரேயடியாகத் தள்ளிவிடுவது ஒன்று. பாடல் வரிகளிலே ஏகாதிபத்திய எதிர்ப்பு, தொழிலாளர் ஆதரவு முதலியன உள்ளனவா எனத் தேடி, உள்ளனவாயின் "நம்முடையது" என ஏற்றுக்கொள்வது மற்றது. முரண்பட்டன போலத் தோன்றும் இவ்விரு நோக்குகளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே இசையைக் கேட்பதில்லை. முதலாவது கேட்குமுன்னரே தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. இரண்டாவது பாடலை அச்சிட்ட துண்டுப்பிரசுரமாக வாசித்து முடித்துவிடுகின்றது. ஒரு படைப்புத் தன் காலத்து உற்பத்தியுறவுகள் குறித்து என்ன நிலைப்பாடு கொள்கின்றது எனக் கேட்பதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள்ளே அது எவ்விடத்தில் நிற்கின்றது எனக் கேட்கவேண்டும் என வால்டர் பென்யமின் 'உற்பத்தியாளனாக எழுத்தாளன்' என்னும் 1934ஆம் ஆண்டுக் கட்டுரையில் வற்புறுத்தினார். அவ்வினாவுக்குத் தனிப்பாடல் ஒன்றிடமிருந்து விடை பெறுதல் அரிது. ஒரு குழுவின் தொகுப்புகள் அனைத்தையும் அவை வெளிவந்த ஒழுங்கிலே கேட்கும்பொழுது விடை ஓரளவு துலக்கமாகின்றது.

இக்கட்டுரை த கிளாஷ் என்னும் ஆங்கிலக் குழுவை அவ்வாறு நோக்குகின்றது. 1976இல் இலண்டனில் உருவாகி 1986இன் தொடக்கத்திற் கலைந்த இக்குழு, 1977 முதல் 1985 வரை ஆறு தொகுப்புகளை, ஒன்பது இசைத்தட்டுகளாக, வெளியிட்டது. ஜோ ஸ்ட்ரமர், மிக் ஜோன்ஸ், போல் சிமனன், சிறிது பிந்தி வந்துசேர்ந்த தாளக்காரர் ரொப்பர் ஹெடன் ஆகிய நால்வரும் இதன் முதன்மைக் கலைஞர்கள். நமக்கு மிக உவப்பான குழு இது என்பதை மறைப்பதற்கில்லை. உவப்பு ஆய்வுக்கு இடையூறு என்ற கருத்து நமக்கு உடன்பாடானதன்று. இராசதந்திர சேவை அலுவலர் ஒருவரின் மகனான ஸ்ட்ரமரைப் பாட்டாளி வர்க்கப் பாடகரெனக் கொண்டாடுவோரும், அவரது பிறப்பைக் காட்டி எள்ளுவோரும் உளர். வர்க்கச் சார்பைப் பிறப்புச் சான்றிதழில் தேடும் இவ்வழக்கம் நமது இலக்கியச் சர்ச்சைகளுக்கும் புதியதன்று.

கால ஒழுங்கு என்பதுதானும் இயல்பாக அமைந்த ஒன்றன்று. 1977 ஏப்ரிலிற் பிரித்தானியாவில் வெளிவந்த முதற்றொகுப்பினை, அது வானொலிக்கு ஏற்றதன்று எனக் கருதி, சி.பி.எஸ். கம்பனியின் அமெரிக்கக் கிளை வெளியிட மறுத்தது. ஆகவே 1978இல் வந்த இரண்டாவது தொகுப்பே அமெரிக்கருக்கு முதலாவதாயிற்று. முதற்றொகுப்பு, சில பாடல்கள் நீக்கப்பட்டும் பின்வந்த தனித்தட்டுப் பாடல்கள் இடையிற் செருகப்பட்டும், 1979இலேயே அங்கு விற்பனைக்கு வந்தது. அவர்கள் கேட்டது சந்தை அடுக்கிக் கொடுத்த வரலாறு. இன்றைய இணையவழி இசைச் சேவைகளோ அதிகம் கேட்கப்பட்ட பாடலை முன்னே நிறுத்தி, வரலாற்றையே தேவையற்றதாக்கிவிடுகின்றன. நாம் இங்கு பின்பற்றுவது பிரித்தானிய ஒழுங்கு; தனித்தட்டுகளையும் அவ்வவற்றின் இடத்தில் வைத்தே கேட்டுள்ளோம்.

முதற்றொகுப்பின் பதினான்கு பாடல்களுட் பெரும்பாலானவை இரண்டு, மூன்று நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. வேலையின்மை, மாடிக்குடியிருப்புகளின் சலிப்பு, பொலிசார், அமெரிக்கப் பண்பாட்டு ஆதிக்கம் என்பன பொருள். ஆயினும் இத்தொகுப்பின் மையம் அவசரமாகக் கூவி முடிக்கப்படும் அப்பாடல்களில் இல்லை. ஜூனியர் மேர்வின் என்னும் யமெய்க்கப் பாடகரின் 'பொலிஸ் அன்ட் தீவ்ஸ்' என்ற றெகே பாடல் இங்கு ஆறு நிமிடமளவிற்கு நீள்கின்றது. 1976 ஓகஸ்டில் நொற்றிங் ஹில் திருவிழாவிற் கறுப்பின இளைஞர் பொலிசாருடன் மோதிய கோடையிலே அங்கு எங்கும் ஒலித்த பாடல் அது. ஸ்ட்ரமரும் சிமனனும் அம்மோதலை நேரிற் கண்டவர்கள். 'வைற் றயற்' என்ற பாடல், அவ்வெழுச்சியைக் கண்டு வெள்ளை இளைஞருக்கு எழவேண்டிய வெட்கத்தைப் பேசுகின்றது. ஆனால் 'வைற் றயற்' வாயாற் சொல்வதை 'பொலிஸ் அன்ட் தீவ்ஸ்' தாளத்தினாற் செய்கின்றது. றெகே இசையில் அடித்தொனிக் கிற்றாரே பாடலை நடத்திச் செல்லும். ஏனைய கிற்றார் தாளத்தின் ஒழிவிடங்களில் விழும். இக்குழுவினர் அதனை அப்படியே போலச்செய்யவில்லை. தமக்குத் தெரிந்த முரட்டு வாசிப்பைக் கைவிடாமலே அவ்வமைப்புக்குள் இடம் தேடுகின்றனர். அந்த இடறலும் தேடலும் ஒலிப்பதிவில் அப்படியே உள்ளன. புலம்பெயர்ந்தோரின் இசையிடம் வெள்ளை இளைஞர் மாணாக்கராக அமர்ந்த நிலை அது.

இதே ஆண்டு செப்ரெம்பரில் வந்த தனித்தட்டு 'கொம்ப்ளீற் கொன்ட்ரோல்'. குழுவின் ஒப்புதலின்றிக் கம்பனி 'றிமோட் கொன்ட்ரோல்' என்ற பாடலைத் தனித்தட்டாக வெளியிட்டதைக் கண்டித்து எழுதப்பட்ட இப்பாடலை வெளியிட்டதும் அதே கம்பனிதான். எதிர்ப்பும் விற்பனைக்குரிய பண்டமாகிவிடும் என்னும் பண்பாட்டுக் கைத்தொழில் பற்றிய அடோர்னோவின் வாதத்திற்கு இதனிலும் தெளிவான சான்று கிடைப்பது கடினம். எனினும் அடோர்னோவோடு இவ்விடத்தில் நின்றுவிடுதல் போதாது. தனது ஒப்பந்தத்தையே பொருளாகக்கொண்ட பாடல், கேட்போனுக்கு இசைத்தட்டின் பின்னாலுள்ள உழைப்புறவைக் காட்டிக்கொடுக்கின்றது. 1978 ஜூனில் வந்த 'வைற் மான் இன் ஹமர்ஸ்மித் பலே' இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. றெகே கச்சேரியொன்றிற் கிளர்ச்சியை எதிர்பார்த்துச் சென்று களியாட்டத்தைக் கண்ட ஏமாற்றத்தில் தொடங்கி, பாசிசத்தின் மீளெழுச்சி பற்றிய எச்சரிக்கைக்கு அது நகர்கின்றது. இனவெறிக்கு எதிரான றொக் இயக்கத்தின் விக்ரோரியா பூங்கா நிகழ்வில் அதே ஆண்டு ஏப்ரில் 30இல் இக்குழு பாடியது என்பதும் ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

இரண்டாவது தொகுப்பான 'கிவ் எம் இனஃப் றோப்' பற்றி விரித்துரைக்க அதிகமில்லை. அமெரிக்கத் தயாரிப்பாளர் சாண்டி பேர்ல்மன் ஒலியைத் துடைத்து மெருகிட்டார். றெகே ஏறத்தாழ மறைந்தது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அது இரண்டாமிடம் பெற்றது.

1979 டிசெம்பரில் வந்த 'லண்டன் கோலிங்' பலராலும் குழுவின் உச்சமெனப் போற்றப்படுவது. அதன் அட்டையமைப்பு எல்விஸ் பிறெஸ்லியின் 1956ஆம் ஆண்டுத் தொகுப்பின் எழுத்தமைப்பை வேண்டுமென்றே பின்பற்றியது. எல்விஸ் கிற்றாரை வாசித்த இடத்திற் சிமனன் தனது கிற்றாரை நிலத்தில் அடித்து நொறுக்குகிறார். நம்மை ஈர்ப்பது அதன் விலை. இரட்டைத்தட்டு வெளியிடக் கம்பனி இணங்கவில்லை. ஒரு தட்டுடன் இலவசமாகத் தனித்தட்டு ஒன்றைச் சேர்க்க மட்டும் இணங்கியது. அவ்விலவசத் தட்டையே குழுவினர் முழுநீளத் தட்டாக நிரப்பி, ஒன்றின் விலைக்கு இரண்டைக் கேட்போன் கையிற் சேர்த்தனர். ஸ்பானிய உள்நாட்டுப் போர், பேரங்காடியிலே தன்னைத் தொலைத்த இளைஞன், பிறிக்ஸ்ரன் பகுதியின் அச்சம் எனப் பத்தொன்பது பாடல்கள். ஸ்கா, ஜாஸ், றெகே எனப் பாணிகள் பெருகுகின்றன. கம்பனியிடம் பறித்தெடுத்த இடத்தில் விளைந்த பெருக்கம் இது.

அடுத்த ஆண்டு டிசெம்பரில் இத்தந்திரம் கொள்கையாயிற்று. மூன்று தட்டுகள், ஆறு பக்கங்கள், பக்கத்துக்கு ஆறாக முப்பத்தாறு பாடல்கள் கொண்ட 'சன்டினிஸ்டா!' ஒரு தட்டின் விலைக்கு விற்கப்பட்டது. 1979 ஜூலையில் நிக்கராகுவாவிலே சொமோசா ஆட்சியை வீழ்த்திய விடுதலை முன்னணியின் பெயரே தலைப்பு. அதன் முதலெழுத்துகளே இசைத்தட்டின் பட்டியல் இலக்கமும் ஆயின. இவ்விலைக்காகப் பிரித்தானியாவில் விற்கப்படும் முதல் 200,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையைக் குழுவினர் விட்டுக்கொடுத்தனர். இதனைத் தியாகம் எனப் போற்றுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. விலைக்குறைப்பிற்கான சுமையிற் பெரும்பங்கு உழைத்தோரின் கூலியிலிருந்தே வந்தது. உற்பத்திச் சாதனம் கைவசம் இல்லாத கலைஞன் விலையோடு போராடும்பொழுது, ஈற்றில் தன் கூலியோடுதான் போராடுகிறான்.

இத்தொகுப்பை ஒரு தட்டாகச் சுருக்கியிருக்கவேண்டும் என்பது விமர்சகர் பலரின் முடிபு. ஆறாவது பக்கம் நம்மையும் சோர்வடையச் செய்வதே. ஆயினும் 'சிறந்தன' என்று சிலவற்றைப் பொறுக்கினால் எஞ்சுவது இன்னொரு 'லண்டன் கோலிங்' மட்டுமே. நியூயோர்க்கிற் கேட்ட ராப் பாணியிலே ஒரு தொழிலாளியின் நாளைக் காலை ஏழு மணி மணியோசையிலிருந்து தொடரும் 'த மக்னிஃபிசன்ற் செவன்'. சிலியின் விக்ரர் ஹாரா, கியூபா, நிக்கராகுவா என்பவற்றோடு ஆப்கானிஸ்தான், திபெத்து என்பவற்றையும் தயங்காமற் சேர்த்துப் பேசும் 'வாஷிங்ரன் புலற்ஸ்'. யமெய்க்க டப் முறையில் ஏலவே வந்த பாடலின் தாளத்தை மட்டும் உரித்தெடுத்து மீளப் படைக்கும் பதிவுகள். டப் மரபிலே ஒரு தாளம் எவருக்கும் தனியுடைமையாவதில்லை; பலர் அதன்மீது பாடுவர். முப்பத்தாறு பாடல்களின் தளர்ச்சி அப்பொதுவுடைமையின் தளர்ச்சியும் ஆகும். முதற்றொகுப்பிலே தமக்கு வழங்கப்படும் வேலைகளை ஒவ்வொன்றாக எள்ளி மறுத்த 'கரியர் ஒப்பர்ச்சுனிற்றீஸ்' இங்கு சிறுவர் குரலில், விளையாட்டுப் பாடல்போல, மீண்டும் வருகின்றது. 1977இல் இளைஞன் மறுத்த வேலையை 1980இற் குழந்தை பாடுகிறது. இடையில் தட்சரின் ஆட்சி வந்துவிட்டது. வரிசைப்படி கேளாதவனுக்கு இது வெறும் வேடிக்கையாகவே படும்.

1982 மேயில் வந்த 'கொம்பட் றொக்' மீண்டும் ஒற்றைத்தட்டு. ஜோன்ஸ் தொகுத்த நீண்ட வடிவம் ஒதுக்கப்பட்டு, கிளின் ஜோன்ஸ் என்னும் தயாரிப்பாளர் அதனைச் சுருக்கிக் கலந்தமைத்தார். அமெரிக்காவில் வெற்றி கிடைத்தது. அவ்வேளையிலேயே, போதைப்பொருட் பழக்கம் காரணமாக, ஹெடன் வெளியேற்றப்பட்டார். இத்தொகுப்பின் 'ஷுட் ஐ ஸ்ரே ஓர் ஷுட் ஐ கோ' 1991இலே காற்சட்டை விளம்பரமொன்றில் இடம்பெற்று, கலைந்துபோன குழுவுக்குப் பிரித்தானியப் பட்டியலில் அதன் ஒரேயொரு முதலிடத்தைப் பெற்றுக்கொடுத்தது. நாம் திரும்பத் திரும்பச் செல்வது 'ஸ்ட்ரெயிற் ரு ஹெல்' என்ற பாடலுக்கு. மூடப்பட்ட உருக்காலைகளின் நகரம், அங்கு மொழி தெரியாது நிற்கும் குடிபெயர்ந்தோன், அமெரிக்கச் சிப்பாய் வியட்நாமில் விட்டுச்சென்ற குழந்தை ஆகிய மூன்றையும் 'உனக்கு இங்கு இடமில்லை' என்ற ஒரே பதிலின்கீழ் அது கொண்டுவருகின்றது. ஹெடனின் தாளம் இங்கு றொக் தாளமே அன்று. முன்னும் போகாமற் பின்னும் போகாமல் நின்ற இடத்திலே சுழல்கின்றது, கடவுச்சீட்டு வரிசையில் நிற்பவனைப்போல.

அப்பாடலின் தொடக்க இசையை எடுத்துத் தனது 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலை அமைத்தவர் மாயா அருள்பிரகாசம். இலண்டனிற் பிறந்து, பிள்ளைப்பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, அகதியாக மீண்டும் இலண்டன் சென்றவர். 2007இல் வெளிவந்த அவரது 'கலா' தொகுப்பில் உள்ள இப்பாடல், விசா கேட்டு நிற்போனைப் பற்றிய அச்சத்தையே எள்ளலாக்குகின்றது. வெள்ளை இளைஞர் கறுப்பினத்தாரின் தாளத்தைக் கடன்வாங்கிக் குடிபெயர்ந்தோனைப் பற்றிப் பாடினர். கால் நூற்றாண்டின் பின் குடிபெயர்ந்தோர் குடும்பத்துத் தமிழ்ப்பெண் அவர்களிடமிருந்தே தாளத்தைக் கடன்வாங்கித் தன் குரலில் தன்னைப் பற்றிப் பாடினார். உலகெங்கும் பரவிய அப்பாடலை நம்மவருட் பலர் இனப்பெருமையாகவே கேட்டனர். அதன் தாளத்துக்கு அடியில் இருக்கும் உருக்காலைத் தொழிலாளியை அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி ஆறாவது தொகுப்பு. 1983இல் ஜோன்ஸும் வெளியேற்றப்பட்டார். மேலாளர் பேர்னாட் றோட்ஸும் ஸ்ட்ரமரும் மூன்று புதிய கலைஞரைச் சேர்த்துப் பெயரைத் தக்கவைத்தனர். 1984 மார்ச் முதல் ஓராண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக, டிசெம்பரிற் பிறிக்ஸ்ரனில் இரு நாட்கள் கச்சேரி நிகழ்த்தினர். வேலைநிறுத்தம் தோற்றது. 1985 நவெம்பரில் 'கற் த க்ராப்' வந்தது. அது மோசமான தொகுப்பு என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. தாளக்காரர் இருக்கவே அவரிடத்தில் தாள இயந்திரம் வாசிக்கின்றது. காற்பந்தாட்ட மைதானத்துக் கூச்சல்போன்ற கூட்டுக்குரல்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அடுக்கடுக்காகச் சேர்க்கப்பட்டுள்ளன. 1977இலே நால்வர் கத்தியது ஒரு கூட்டத்தின் குரலாகக் கேட்டது. இங்கு கூட்டமே கத்தினாலும் எவரும் இல்லாத இடமாகக் கேட்கின்றது. வெளியே உண்மையான கூட்டம் தோற்றுக் கலைந்துகொண்டிருந்த வேளையில் உள்ளே கூட்டம் தயாரிக்கப்பட்டது. இதனை றோட்ஸின் தன்முனைப்பு என்று மட்டும் விளக்குவோர், தொழிற்சங்கங்களின் தோல்வியையும் ஒருவரின் தன்முனைப்பால் விளக்கவேண்டியிருக்கும்.

2013இல் வெளியான 'சவுண்ட் சிஸ்ரம்' என்னும் பெருந்தொகுப்புப் பேழையில் ஐந்து தொகுப்புகளே உள்ளன. ஆறாவது இல்லை. தோல்வியைக் கத்தரித்த வரலாறு விற்பனைக்கு வசதியானது. 'கொம்பட் றொக்' வெற்றியுடன் கதை முடிந்துவிடுகின்றது. ஆனால் ஆறாவதன் ஏழாம் பாடலான 'திஸ் இஸ் இங்கிலண்ட்' அப்பேழைக்கு வெளியே நிற்கின்றது. அதே தாள இயந்திரம்தான். இங்கு மட்டும் அது பொருந்துகின்றது, ஆட்குறைப்புச் செய்யப்பட்ட தொழிற்சாலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பொறிபோல. அதன்மேல் ஸ்ட்ரமரின் குரல் கூவாமல், ஏறத்தாழப் பேசிக்கொண்டே, போரிலும் வேலையின்மையிலும் சிதைந்த நாட்டைக் கடந்து செல்கின்றது. குழுவின் ஐந்து சிறந்த பாடல்களுள் ஒன்றாக இதனை நாம் கருதுகின்றோம். பேழையை வாங்கியவர்கள் அதனைத் தனியே தேடித்தான் கேட்கவேண்டும்.